வெள்ளம் வரும் மனையில் வீடு கட்டுவது எப்படி: லெவல் எடுப்பதிலிருந்து பிளான் வரை ஒரு முழு வழிகாட்டி

சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு மனையில் வீடோ சிறிய அடுக்குமாடியோ கட்டப் போகிறவர்களுக்கும், அவர்களுக்குப் பிளான் போடும் இளம் பொறியாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் மனை இருந்தால் இதில் எந்தப் படியையும் தாண்டிப் போகாதீர்கள். மற்ற இடங்களில் சில படிகள் சீக்கிரம் முடிந்துவிடும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் பிளான் போடுகிறார்கள், வாஸ்து பார்க்கிறார்கள், எலிவேஷன் படம் வரைகிறார்கள். தரைத்தளம் எந்த உயரத்தில் வரணும் என்ற கேள்வி கடைக்கால் தோண்டும் நாளில்தான் வருகிறது. அன்றைக்கு உயர்த்த நினைத்தாலும் படிக்கட்டுக்கு இடம் இருக்காது. அதனால் பேஸ்மென்ட் உயரத்தை, அதாவது தரைத்தளத்துக்கு அடியில் எழுப்பும் மேடையை, குறைத்துவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் லெவல் முதலில் வரும், பிளான் அதற்கு அப்புறம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று எல்லோரிடமும் இருக்கும். இவற்றோடு உங்கள் சர்வே எண்ணின் புல வரைபடம், அதாவது எஃப்எம்பி, வேண்டும். சுற்றியுள்ள ஏழெட்டு சர்வே எண்களின் புல வரைபடங்களும், கிராம வரைபடமும், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேட்டின் நகலும் தேவை. பட்டா, எஃப்எம்பி, 'அ' பதிவேடு மூன்றும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலேயே கிடைக்கின்றன.

பக்கத்து எண்களையும் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மனைக்குள் ஓடை இல்லாமல் இருக்கலாம். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது உங்கள் எல்லைக்கு வெளியே உள்ள எண்களில்தான் தெரியும்.

உயர வித்தியாசம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவியுடன் ஒரு சர்வேயரை அரை நாளாவது ஏற்பாடு செய்யுங்கள். மண் பரிசோதனைக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். கட்டடச் செலவோடு ஒப்பிட்டால் இந்த இரண்டுக்கும் ஆகும் தொகை மிகச் சிறியது.

2. ஒரே வரைபடத்தில் பதில் கிடைக்கும் என்று தேடாதீர்கள்

அமெரிக்காவில் அரசின் பேரிடர் முகமையான ஃபெமா வெளியிடும் வெள்ள வரைபடத்தில் மனையைத் தேடினால், எந்த ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தின் எல்லை கிடைக்கும். விரிவாக ஆய்வு செய்த பகுதிகளில் அந்த வெள்ளத்தின் மட்டமும் ஓர் எண்ணாகப் போட்டிருக்கும். அங்கே வடிவமைப்பு அந்த எண்ணிலிருந்து தொடங்குகிறது.

இங்கே அப்படி இல்லை. வெள்ளச் சமவெளியை மண்டலங்களாகப் பிரிக்கும் மாதிரி மசோதாவை மத்திய அரசு 1975லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தரகாண்ட் போன்ற சில மாநிலங்களே சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. அதனால் நம் ஊரில் கட்டுப்பாடுகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன: 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) முழுமைத் திட்டம், நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடம், ஏரிகள் பாதுகாப்புக்கான 2007 சட்டம்.

அந்த மாதிரி மசோதா இங்கே சட்டமாகாவிட்டாலும் அதில் உள்ள ஒரு பாகுபாட்டை நான் பயன்படுத்துகிறேன். மருத்துவமனை, மின் நிலையம், குடிநீர் நிலையம் போன்றவை 100 ஆண்டு வெள்ள மட்டத்துக்கோ (எந்த ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம்), இதுவரை பார்த்த அதிகபட்ச மட்டத்துக்கோ மேலே இருக்கணும். குடியிருப்புகள் 25 ஆண்டு வெள்ள மட்டத்துக்கு (4 சதவீத வாய்ப்பு) மேலே இருக்கணும், ஆபத்தான பகுதியில் தூண்கள் மேல் கட்டணும். பூங்காவும் விளையாட்டு மைதானமும் தாழ்வான இடத்தில் இருக்கலாம். வீட்டுக்கு 25 ஆண்டு மட்டம் போதும் என்று அதில் இருந்தாலும், நம் மனைக்கு அந்த எண்ணைக் கணக்கிட்டுத் தர ஆள் இல்லை. அதனால் கண்ணால் பார்த்த அதிகபட்ச மட்டத்தையே நான் வீட்டுக்கும் எடுத்துக்கொள்கிறேன்.

முழுமைத் திட்டத்தில் நில உபயோகத்தைப் பார்க்கும்போது செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை உள்ள நிலத்தடி நீர்ச் செறிவுப் பகுதி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஆகியவற்றுக்குள் மனை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டலாமா என்பதே கேள்வியாக இருக்கும்போது மட்டத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

3. புல வரைபடத்தில் தண்ணீரின் பாதையை வரையுங்கள்

சேகரித்த எஃப்எம்பிகளை ஒட்டி ஒரே தாளாக்குங்கள். நீலப் பென்சிலால் ஓடை, வாய்க்கால், குட்டை, தாங்கல், ஏரி என்று இருப்பதையெல்லாம் நிரப்புங்கள். அப்புறம் மேலே உள்ள ஏரி நிரம்பி வழியும் கலங்கல் எங்கே, அதிலிருந்து உபரி நீர் எந்த வழியாக அடுத்த ஏரிக்குப் போகிறது என்று கோடு போடுங்கள். நம் ஏரிகள் சங்கிலி மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிபவை. அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி மேல் உங்கள் மனை உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

'அ' பதிவேட்டில் 'நன்செய்' என்று இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். ஏரிப் பாசன நன்செய் என்றால், மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வந்து சேரும் மட்டத்தில் உள்ள நிலம். ஏரிக்குக் கீழே, வாய்க்காலுக்கும் கீழே. நெல் நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படித் தேர்ந்தெடுத்த நிலம் அது. வயலுக்கு இடையே வரப்பும் வடிகாலும் இருந்தவரை தண்ணீர் இறங்கிப் போனது. மனை பிரித்து சாலை போட்டபோது வடிகால் மூடப்பட்டிருந்தால், வருகிற வழி மட்டும் மிச்சம் இருக்கும்.

கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். மனைப்பிரிவு வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் அங்கே வயலா, குட்டையா, மேட்டு நிலமா என்று தெரியும். ஏப்ரல், மே படத்தில்கூடப் பச்சையாகத் தெரியும் பட்டை இருந்தால் அங்கே ஈரம் தங்குகிறது.

இங்கே ஒரு தவறைப் பலரும் செய்கிறார்கள். அதே கூகுள் எர்த்தில் மவுஸை வைத்தால் கீழே ஓர் உயர எண் வரும். அதைக் குறித்துக்கொண்டு 'என் மனை பக்கத்துத் தெருவைவிட 2 மீட்டர் மேடு' என்று சொல்கிறார்கள். அந்த எண்ணில் சில மீட்டர் பிழை இருக்கலாம். நமக்குத் தேவை சில சென்டிமீட்டர் துல்லியம். வடிவம் பார்க்க அந்தப் படத்தைப் பயன்படுத்துங்கள், மட்டம் பார்க்க வேண்டாம்.

4. வெள்ளக் குறியைத் தேடித் தெருவில் நடங்கள்

2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் வினாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. அடையாறு கரையோரம் உள்ளவர்களுக்கு அந்த இரவின் மட்டம்தான் அளவுகோல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தேங்கிய மட்டத்தையும் கேளுங்கள். சில தெருக்களில் 2023தான் அதிகம்.

மனையைச் சுற்றி 100, 150 மீட்டருக்குள் குறைந்தது மூன்று பழைய வீடுகளுக்குப் போங்கள். 'எவ்வளவு தண்ணீர் வந்தது?' என்று கேட்டால் 'இடுப்பளவு', 'கழுத்தளவு' என்பார்கள். அதை எழுதிக்கொள்வதோடு விடாதீர்கள். 'எதுவரை வந்ததென்று கை வைத்துக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் சுவரில் மாட்டியிருந்த பெருமாள் காலண்டரைக் கழற்றிக் காட்டினார். "பெயின்ட் அடிச்சும் போகலப்பா, அதனாலதான் காலண்டர மாட்டி வச்சிருக்கேன்" என்றார். பின்னால் பழுப்பாக ஒரு கோடு.

ஆனால் அந்தக் கோட்டை அப்படியே நம்பக் கூடாது. செங்கல் சுவர் தண்ணீரை மேலே உறிஞ்சும். தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே ஓர் அடிக்குக்கூட ஈரக்கறை ஏறும். உறிஞ்சாத பொருளில் உள்ள குறியே சரியானது: சமையலறை டைல்ஸ், ஜன்னல் கம்பி, மீட்டர் பெட்டி, வார்னிஷ் அடித்த கதவு. அந்த வீட்டிலேயே ஹாலில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. அதன் பக்கவாட்டில் நேர்கோடாகத் துரு பிடித்திருந்தது. சுவர்க் கறைக்கும் துருக்கோட்டுக்கும் 35 சென்டிமீட்டர் வித்தியாசம். துருக்கோட்டைத்தான் எடுத்துக்கொண்டேன். மற்ற இரண்டு வீடுகளின் குறிகளோடு அதுவே ஒத்துப்போனது.

தண்ணீர் எத்தனை மணி நேரம் நின்றது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, ஓடியதா தேங்கியதா என்பதையும் அதே வீடுகளில் கேட்டுவிடுங்கள். ஓடிய தண்ணீரும் தேங்கிய தண்ணீரும் வெவ்வேறு வடிவமைப்பைக் கேட்கும். இதை 9ஆம் படியில் பயன்படுத்துவோம்.

5. எல்லாக் குறிகளையும் கடல் மட்டக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள்

'சாலையிலிருந்து இரண்டு அடி உயரம்' என்று பிளானில் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சாலை நிலையான ஒன்று இல்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று அரசு சொல்லியும், உள்தெருக்களில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு வீட்டின் பிளானில் தரைத்தள மட்டம் 'சாலைக்கு மேல் 60 செ.மீ.' என்று மட்டும் இருந்தது. பிளான் வரைந்த நாளுக்கும் கட்டி முடித்த நாளுக்கும் இடையில் சாலை உயர்ந்தது. அப்புறமும் உயர்ந்தது. 2023 டிசம்பரில் அந்த வீட்டு ஹாலுக்குள் தண்ணீர் வந்தது. எந்தச் சாலை மட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று இப்போது யாராலும் சொல்ல முடியவில்லை.

அதனால் இந்திய சர்வே துறையின் ஜிடிஎஸ் மட்டக்குறியிலிருந்தோ (கடல் மட்டத்திலிருந்து உயரம் அளந்து வைத்த நிலையான குறி), அதிலிருந்து கொண்டுவந்த பொதுத்துறை மட்டக்குறியிலிருந்தோ லெவல் எடுத்து வாருங்கள். மனை அருகே யாரும் இடிக்காத ஓர் இடத்தில், கல்வெர்ட் (வாய்க்கால் மேல் உள்ள சிறு பாலம்) சுவர் அல்லது கோயில் படியில், தற்காலிக மட்டக்குறி ஒன்று போடுங்கள். கிளம்பிய புள்ளிக்கே திரும்பி வந்து சரிபாருங்கள். ஒரு கிலோமீட்டர் சுற்றில் 2, 3 சென்டிமீட்டருக்கு மேல் பிழை வந்தால் மறுபடி எடுக்கணும்.

இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, ரயில் நிலைய மஞ்சள் பலகையில் இருக்கும் கடல் மட்ட எண். அது தோராயமானது, மட்டக்குறியாக எடுக்க வேண்டாம். இன்னொன்று செயற்கைக்கோள் மூலம் இடத்தையும் உயரத்தையும் அளக்கும் டிஜிபிஎஸ் கருவி. அது நேரடியாகத் தருவது பூமிக்குக் கணக்கில் கொடுத்த நீள்வட்டக் கோள வடிவத்திலிருந்து கணக்கிட்ட உயரம், கடல் மட்ட உயரம் இல்லை. சென்னைப் பக்கம் இந்த இரண்டுக்கும் 80 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். மாற்றாமல் கொடுத்தால் எண் மைனஸில் இருக்கும், அது உடனே கண்ணில் பட்டுவிடும். அரைகுறையாக மாற்றிக் கொடுத்தால்தான் ஆபத்து. எண் பார்க்கச் சரியாக இருக்கும், அரை மீட்டர் தவறாகவும் இருக்கும். ஆகவே குறைந்தது ஒரு தெரிந்த மட்டக்குறியில் அதை ஒப்பிட்டுப் பாருங்கள். அருகில் ஏரி இருந்தால் கலங்கலின் மேல்மட்டம் நீர்வளத்துறையிடம் கடல் மட்டக் கணக்கில் இருக்கும். சரிபார்க்க அது நல்ல புள்ளி.

6. தரைத்தள மட்டத்தை எண்ணாக எழுதுங்கள்

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மனை 40க்கு 60 அடி, ஒரு கிரவுண்டு. லெவல் எடுத்ததில் கடல் மட்டத்துக்கு மேலே கிடைத்த உயரங்கள் இவை: சாலையின் நடுப்பகுதி +11.90 மீட்டர், மனைத் தரை சராசரி +11.30, மூன்று வீடுகளின் வெள்ளக் குறி +12.72, +12.75, +12.78.

மூன்றும் 6 சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போகின்றன. வெள்ள மட்டம் +12.75 என்று எடுக்கலாம். அதாவது அன்றைக்குச் சாலையில் 85 செ.மீ., மனையில் 1.45 மீட்டர் தண்ணீர். குறிகள் அரை மீட்டர் மாறுபட்டால் சராசரி எடுக்காதீர்கள். ஒன்று குறி தவறு, இல்லையென்றால் தண்ணீர் சரிவாக ஓடியிருக்கிறது. மறுபடி நடந்து பார்க்க வேண்டும்.

இதன் மேல் ஒரு பாதுகாப்பு உயரம் சேர்க்கணும். நான் 60 செ.மீ. வைக்கிறேன். அடுத்த வெள்ளம் இதைவிடக் கொஞ்சம் கூடலாம், பக்கத்து மனைகள் நிரப்பப்பட்டால் தண்ணீருக்கு இடம் குறையும், லாரி போனால் அலை எழும். இதெல்லாம் அந்த 60க்குள் அடங்க வேண்டும்.

ஆக, தரைத்தள மட்டம் +13.35. சாலையிலிருந்து 1.45 மீட்டர், மனைத் தரையிலிருந்து 2.05 மீட்டர். இந்த எண்ணைக் கேட்டதும் வீட்டுக்காரர் தயங்குவார். தயங்கட்டும். பிளான் வரையாத நாளில் வரும் தயக்கத்தைத் தீர்ப்பது எளிது.

7. அனுமதிக்குப் போவது இந்த இடத்தில்

மனைப்பிரிவுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் திட்ட அனுமதி கேட்கும்போது, வெள்ளப் பாதிப்பு நோக்கில் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று தேவைப்படும். அந்தச் சான்றில் பெரும்பாலும் ஓர் எண் இருக்கும்: மனையைக் குறைந்தபட்சம் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டருக்கு உயர்த்த வேண்டும் என்று. கூடவே வாய்க்கால் ஓரம் விட வேண்டிய இடம், கடக்கும் இடத்தில் கல்வெர்ட்டின் அளவு, நீரோட்டத்தைத் தடுக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் வரும்.

இந்தச் சான்று வருவதற்கு முன் பிளானை இறுதி செய்தால் இரண்டு முறை வரைய வேண்டியிருக்கும். சான்றில் வந்த மட்டத்தையும் நீங்கள் தெருவில் நடந்து எடுத்த மட்டத்தையும் ஒப்பிடுங்கள். எது உயரமோ அதையே எடுங்கள். சான்றில் உள்ளது குறைந்தபட்சம்தான், அதற்கு மேல் கட்டுவதை அது தடுப்பதில்லை.

தனி வீடு கட்டுகிறவர்களுக்குத்தான் இங்கே அதிகக் கவனம் தேவை. 2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை கட்டடம் என்றால் சுயசான்று முறையில் உடனடி அனுமதி பெறும் வசதியை 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்தது. அலைச்சலைக் குறைக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் உங்கள் மட்டத்தை வேறு யாரும் பார்த்துச் சொல்லப் போவதில்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். 3 முதல் 6 வரை உள்ள படிகளை நீங்களே செய்யாவிட்டால் யாருமே செய்யவில்லை என்று அர்த்தம்.

8. மண் நிரப்புவதா, தூண் மேல் எழுப்புவதா

+13.35 என்ற எண்ணை அடைய இரண்டு வழிகள். முழு மனையையும் ஓரளவு நிரப்பி அதன் மேல் உயரமான பேஸ்மென்ட் போடலாம். அல்லது ஸ்டில்ட், அதாவது சுவரில்லாமல் தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தளம், வைத்து வாழும் தளத்தை மேலே கொண்டுபோகலாம். பழக்கத்தில் எல்லோரும் முதல் வழிக்குப் போகிறார்கள். அதற்கு முன் கணக்கைப் பாருங்கள்.

மனையை +12.20க்கு, அதாவது சாலைக்கு ஓர் அடி மேலே நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். 90 செ.மீ. உயரம், 223 சதுர மீட்டர். சுமார் 200 கன மீட்டர் இறுகிய மண். தளர்வாக வாங்கும்போது 250 கன மீட்டர், ஏறக்குறைய 88 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மூன்று யூனிட் லாரி என்றால் 29, 30 நடை. முதலில் இந்தச் செலவை எழுதுங்கள்.

அடுத்தது எடை. ஒரு மீட்டர் மண் ஒரு சதுர மீட்டருக்கு 1.8 டன் ஏற்றும். இது ஒரு குடியிருப்பு மாடியின் எடையைவிட அதிகம். அடியில் மென்மையான களிமண் இருந்தால், சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் இது சகஜம், நிரப்பிய மண் பல ஆண்டுகள் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். பைல், அதாவது உறுதியான அடுக்கு வரை இறக்கிய கான்கிரீட் தூண், போட்ட வீடு இறங்காது, சுற்றியுள்ள தரை இறங்கும். குழாய்கள் உடையும், படிக்கட்டு பிரியும். இறங்கும் மண் பைலைக் கீழ்நோக்கி இழுத்து அதன் மேல் சுமையையும் கூட்டும். மனையை நிரப்பப் போகிறோம் என்பதை மண் பரிசோதனை அறிக்கை எழுதுகிறவரிடம் முன்னாலேயே சொல்லுங்கள். அவர் சொல்லும் தாங்குதிறன் அதைப் பொறுத்து மாறும்.

மூன்றாவது, பக்கத்து வீடு. நீங்கள் நிரப்பும் 200 கன மீட்டர் என்பது வெள்ளத்தின்போது அங்கே நின்ற 2 லட்சம் லிட்டர் தண்ணீர். அது போவதற்கு வேறு இடம் வேண்டும். தெருவே இப்படி நிரம்பினால் கடைசியாக நிரப்பாமல் இருக்கும் பழைய வீட்டுக்குள்தான் அது போகும். காலண்டருக்குப் பின்னால் கோட்டைக் காட்டிய அந்த அம்மாவின் வீடு அப்படிப்பட்ட ஒன்று. இதைச் சட்டம் கேட்கிறதோ இல்லையோ, பிளான் போடுகிறவர் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

படிக்கட்டுக்கும் கணக்குப் போடுங்கள். +12.20லிருந்து +13.35க்கு 1.15 மீட்டர், எட்டுப் படிகள். நீளம் 2 மீட்டருக்கு மேல் வரும், ஒன்றரை மீட்டர் முன்புற இடைவெளியில் அடங்காது. சக்கர நாற்காலிக்கு 1க்கு 12 சரிவு என்றால் 13.8 மீட்டர் நீளம். மனையின் நீளமே 18.3 மீட்டர்தான். ஆகவே படியும் சரிவும் கட்டடத்தின் பரப்புக்குள் வரும்படி பிளான் தொடங்கணும். கடைக்கால் நாளில் தடுமாறுகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

தண்ணீர் ஒரு மீட்டருக்கு மேல் நிற்கும் மனையில் ஸ்டில்ட்தான் என் தேர்வு. ஸ்டில்ட் தரை +12.00, அதற்கு மேல் 3 மீட்டரில் முதல் தளம், அதாவது +15.00. வெள்ளம் வந்தால் ஸ்டில்டில் 75 செ.மீ. நிற்கும், வடியும், கழுவிவிடலாம். வண்டிகளை மட்டும் முன்கூட்டியே மேட்டுக்கு எடுத்துப்போகணும். மாடி ஏற முடியாத பெரியவர்கள் இருந்தால் லிப்டுக்கான இடத்தை முதல் பிளானிலேயே விடுங்கள், அதன் மின் பலகையை மேல்தளத்தில் வையுங்கள்.

ஸ்டில்டைப் பின்னாளில் சுவர் எழுப்பி அறையாக்குவது மிகப் பெரிய தவறு. விதிமீறல் என்பது ஒரு பக்கம். தூண்களுக்கு இடையே ஓடிப்போகும் என்று கணக்கிட்ட தண்ணீர் இப்போது சுவரை முட்டும்.

நிரப்பத்தான் வேண்டும் என்றால் கட்டட இடிபாட்டைக் கொட்டாதீர்கள். இடைவெளி நிறைய இருக்கும், பின்னால் இறங்கும். கிராவல் மண்ணை 20, 25 செ.மீ. அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டுங்கள். ஒரே நாளில் ஒரு மீட்டர் கொட்டி மழைக்கு விட்டுவிட்டால் மேல் அடுக்கு மட்டும் இறுகும்.

9. மனைக்குள் தண்ணீருக்கு வழி விடுங்கள்

4ஆம் படியில் தண்ணீர் ஓடியது என்று சொன்னார்கள் என்றால், அது வந்த திசைக்குக் கட்டடத்தின் நீண்ட பக்கத்தைக் குறுக்கே வைக்காதீர்கள். பக்கவாட்டு இடைவெளி இரண்டும் முன்னிருந்து பின்வரை தடையில்லாமல் இருக்கட்டும். துணி துவைக்கும் மேடை, ஜெனரேட்டர் அறை, செடித் தொட்டி எல்லாம் அங்கேதான் வந்து அடைக்கும்.

காம்பவுண்டுச் சுவர் பெரும்பாலும் கணக்கே போடாமல் கட்டப்படுகிறது. ஒரு பக்கம் மட்டும் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால், ஓடும் மீட்டருக்கு அரை டன் விசை. இரண்டு மீட்டர் நின்றால் நான்கு மடங்கு, 2 டன். அரைக்கல் சுவர் இதைத் தாங்காது. அடியில் ஓட்டைகள் விட்டால் இரண்டு பக்கமும் மட்டம் சமமாகி விசை வடிந்துவிடும். ஸ்டில்டில் மூடிய ஸ்டோர் ரூம் இருந்தாலும் இதே முறைதான். அமெரிக்க விதியில் ஒரு சதுர அடி தளத்துக்கு ஒரு சதுர அங்குலம் திறப்பு, குறைந்தது இரண்டு திறப்பு, தரையிலிருந்து ஓர் அடிக்குள் என்று இருக்கிறது. நான் அதையே பின்பற்றுகிறேன்.

தெருவின் மழைநீர் வடிகாலில் இணைக்கும் முன் அதன் அடிமட்டத்தையும் லெவல் எடுங்கள். உங்கள் குழாயைவிட அது உயரமாக இருந்தால் தண்ணீர் வெளியே போகாது, உள்ளே வரும். இணைப்பில் ஒருவழி வால்வு இல்லாமல் விடவே கூடாது.

10. சம்ப், செப்டிக் டேங்க், மின்சாரம்

காலியான சம்ப் மிதக்கும். 3க்கு 2 மீட்டர், 2 மீட்டர் ஆழமுள்ள சம்ப் 12 கன மீட்டர் இடத்தை அடைக்கிறது. சுற்றிலும் தண்ணீர் நிறைந்தால் 12 டன் மேல்நோக்கித் தள்ளும். 15 செ.மீ. கான்கிரீட் சுவரும் அடியும் மூடியும் சேர்ந்து 10 டன்தான் வரும். அடித்தட்டை வெளியே நீட்டி அதன் மேல் மண் உட்காரும்படி செய்யுங்கள். மழைக்காலத்தில் சம்பைக் காலி செய்து கழுவும் வேலை வைக்காதீர்கள். மூடியின் விளிம்பு வெள்ள மட்டத்துக்கு மேலே வரட்டும், முடியாவிட்டால் ரப்பர் பொருத்திய இறுக்கமான மூடி போடுங்கள். இல்லையென்றால் குடிக்கும் தண்ணீரில் சாக்கடை கலக்கும்.

செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் மாடி உயரத்துக்குப் போகணும். வெளியேறும் வழியில் நான்-ரிட்டர்ன் வால்வு வையுங்கள். வெள்ளத்தின்போது தண்ணீர் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிப்பறை வழியாக வந்துவிடும். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்து கட்டாயம். அதற்காகத் தோண்டும் கிணற்றின் விளிம்பைத் தரையோடு தரையாக வைத்தால் வெள்ளத்தின் அழுக்கு நேராக நிலத்தடிக்குப் போகும். கூரை நீர் மட்டும் அதில் இறங்கும்படி விளிம்பை உயர்த்துங்கள்.

மீட்டர் பலகை, மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர், வண்டிக்கு சார்ஜ் போடும் பாயின்ட் எல்லாவற்றின் அடிப்பாகமும் +13.35க்கு மேல். ஸ்டில்ட் தரையிலிருந்து அது 1.35 மீட்டர். வயரை மேலிருந்து கீழே இறக்குங்கள், கீழிருந்து ஏற்ற வேண்டாம். தளம் தப்பி பலகை மட்டும் மூழ்கினாலும் வீடு பல நாள் இருட்டில் இருக்கும்.

11. கட்டும் நாட்களில் மட்டத்தை விடாதீர்கள்

தற்காலிக மட்டக்குறியிலிருந்து முதல் தூணுக்கு லெவல் கொண்டுவந்து, சிவப்பு பெயின்டால் வெள்ள மட்டத்தை ஒரு கோடாகவும் தரைத்தள மட்டத்தை இன்னொரு கோடாகவும் போடுங்கள். பக்கத்தில் எண்ணையும் எழுதுங்கள். மேஸ்திரி, எலக்ட்ரீசியன், பிளம்பர் மூவரும் டேப்பை அந்தக் கோட்டிலிருந்தே பிடிக்கணும், சாலையிலிருந்து பிடிக்க விடாதீர்கள்.

தரைத்தளத்தைத் தாங்கும் பிளின்த் பீமுக்குக் கான்கிரீட் போடும் முந்தைய நாள் கருவி வைத்து மறுபடி ஒருமுறை பாருங்கள். பலகை அடித்த பிறகு 10 சென்டிமீட்டர் உயர்த்துவது அரை நாள் வேலை, கான்கிரீட் போட்ட பிறகு அது முடியாது. சென்னையில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் குழுக்கள் இப்போது வேலை செய்கின்றன. அந்த நிலைக்கு உங்கள் வீட்டைக் கொண்டுபோகாதீர்கள்.

வேலை முடிந்ததும் அந்த இரண்டு எண்களையும் மட்டக்குறி இருக்கும் இடத்தையும் கடைசி பிளானில் எழுதி, ஒரு நகலை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அடுத்த முறை தண்ணீர் வந்து வடிந்ததும் எந்தக் கோடு வரை வந்தது என்று தேதியோடு அதிலேயே குறித்து வையுங்கள். பக்கத்தில் புதிதாகக் கட்டுகிறவர் வந்து கேட்டால் எடுத்துக் காட்டுங்கள்.